பெர்த்: காற்று ஒரு நாள் தள்ளிப்போட்ட தீவு

9 நவம்பர், ஞாயிறு. சிங்கப்பூர், புறப்படும் முன்

அம்மாவுக்கு இந்த மாதம் 71 வயது முடிகிறது. 1978இல் கல்யாணமாகி ராமநாதபுரத்திலிருந்து சிங்கப்பூர் வந்தவர். அதற்கப்புறம் அவர் போன பயணமெல்லாம் ஊருக்குப் போய்த் திரும்பியதுதான். கல்யாணம், காதுகுத்து, கருமாதி. யாருக்கும் முறை செய்ய வேண்டாத ஓர் ஊருக்கு, சும்மா பார்ப்பதற்காக மட்டும், அவரை ஒரு தடவையாவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை.

எனக்குக் கிடைத்த விடுப்பு வெள்ளியும் திங்களும்தான். நான்கு நாளில் போய்வர ஆஸ்திரேலியாவில் எது வசதி என்று பார்த்தால், சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பெர்த்தைவிட நல்ல இடம் கிடையாது. ஐந்து மணி நேரப் பறப்பு. அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம், கடிகாரத்தை மாற்ற வேண்டாம், அம்மாவின் மாத்திரை வேளையும் மாறாது. வருடத்துக்கு மூவாயிரம் மணி நேரத்துக்கும் மேல் வெயில் அடிக்கும் ஊர் அது. நவம்பர் என்றால் கோடை முற்றுவதற்கு முன், பகலில் 27, 28 டிகிரியை ஒட்டி இருக்கும், ஜக்கரண்டா பூத்திருக்கும்.

நோட்டில் எழுதிவைத்தேன். வெள்ளி மாலை ஆற்றங்கரை. சனிக்கிழமை முழுக்க ராட்னெஸ்ட் தீவு. ஞாயிறு ஃப்ரீமாண்டில், மாலையில் காட்டஸ்லோ கடற்கரையில் சூரிய அஸ்தமனம். திங்கள் கிங்ஸ் பார்க், இரவு விமானம். உண்மையைச் சொன்னால் இந்தப் பயணமே எனக்கு அந்தத் தீவுக்காகத்தான். அங்கே இருக்கும் குவோக்கா என்ற சின்னப் பிராணி, மனிதரைப் பார்த்துச் சிரிப்பதுபோல முகம் வைத்திருக்கும். அதனோடு அம்மாவை ஒரு படம் எடுத்து வீட்டுக் கூடத்தில் மாட்டவேண்டும்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. “அங்க சோத்துக்கு என்ன செய்யிறது?” சமையலறை உள்ள தங்குமிடமாகப் பதிவு செய்திருக்கிறேன் என்றதும் முகம் தெளிந்தது.

14 நவம்பர், வெள்ளி. ஆற்றங்கரை

விமானத்தில் அட்டையைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். உணவுப்பொருள், செடி, விதை ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்ற கேள்வியை நான் தமிழில் சொன்னதும் அம்மா கொஞ்சம் யோசித்தார். இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், அப்புறம் தேக்கா சந்தையில் வாங்கி ஈரத் தாளில் சுற்றிய ஒரு பிடி கருவேப்பிலை. எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று குறித்தேன். ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கொண்டுபோவது தப்பில்லை, சொல்லாமல் கொண்டுபோவதுதான் தப்பு. மறைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் வரலாம்.

சோதனை மேசையில் இருந்த பெண் அதிகாரி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். பொடியும் புளிக்காய்ச்சலும் போகலாம் என்றார். கருவேப்பிலையைக் கையில் எடுத்து, “இது மட்டும் முடியாது, மன்னியுங்கள்” என்று அம்மாவின் கண்ணைப் பார்த்தே சொன்னார். ஏன் என்றும் விளக்கினார். கருவேப்பிலை ஆரஞ்சு, எலுமிச்சை குடும்பத்துச் செடியாம். அதில் ஒட்டிவரும் ஒரு சிறு பூச்சி எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும். அந்த நோய் இன்னும் ஆஸ்திரேலியாவுக்குள் வரவில்லை, வரவிடக் கூடாது. அம்மா தலையாட்டினார். வெளியே வந்ததும், “அவ சொல்றது நாயம்தான். நம்ம தோட்டம்னா நாம விடுவமா?” என்றார். ஐம்பது வருடமாக அவர் சமைத்துவரும் இலை எலுமிச்சைக்கு உறவு என்று எங்கள் இருவருக்குமே இன்றுதான் தெரியும்.

விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் வருகிறது, நகரத்துக்கு இருபது நிமிடம்கூட இல்லை. கிழக்குப் பெர்த்தில் தங்குமிடம். அங்கே போன பேருந்தில் அம்மாவின் கண்ணில் முதலில் பட்டது, இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொன்னது. பள்ளிக்கூடப் பையன்கூட, காதில் கருவியை மாட்டிக்கொண்டே, பின்வாசலிலிருந்து சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கினான். எங்கள் நிறுத்தம் வந்ததும் அம்மாவும் சொன்னார். ஓட்டுநர் கையைத் தூக்கிக் காட்டினார். இந்த நான்கு நாளில் அம்மா ஒரு பேருந்திலும் அதைச் சொல்லாமல் இறங்கவில்லை.

நான்கு மணிக்கு அம்மாவுக்குத் தேநீர் வேண்டும். இரண்டு தெரு நடந்தும் எல்லாக் காப்பிக் கடையும் மூடியிருந்தது. இங்கே காலை ஆறு மணிக்கே திறந்து மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மூடிவிடுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கும் கோப்பிக் கடையில் ஆள் இருக்கிற ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது பெரிய மாற்றம். கடைசியில் பேரங்காடியில் தேயிலையும் பாலும் வாங்கி அறையிலேயே போட்டுக் குடித்தோம். வடக்கேயிருந்து வந்த மாம்பழம் அங்கே குவிந்திருந்தது, ஒன்று மூன்றரை டாலர். இரண்டு வாங்கினோம். நல்ல மணம்.

ஐந்தரைக்கு எலிசபெத் கீ படகுத்துறையிலிருந்து எதிர்க்கரைக்குப் படகு. எட்டு நிமிடம்தான், பேருந்துச் சீட்டு விலைதான். தென்கரையில் இறங்கி நடந்தால், கரையோரப் புல்லில் இரண்டு கறுப்பு அன்னங்கள். சிவப்பு அலகு. அம்மா நின்றுவிட்டார். “அன்னம்னா வெள்ளைன்னுல்ல நெனச்சிருந்தேன்.” ஐரோப்பியர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 1697 ஜனவரியில் வில்லெம் டி விளாமிங் என்ற டச்சுக் கப்பல் தலைவர் இங்கே வந்து, இவற்றைப் பார்த்துத்தான் ஆற்றுக்கு ஸ்வான் என்று அன்னத்தின் பெயரை வைத்தார். இந்த மண்ணின் நூங்கார் மக்களுக்கு அதற்கு முன்பிருந்தே இந்த ஆறு டெர்பார்ல் யெரிகன்.

இருட்ட ஆரம்பித்ததும் எதிர்க்கரைக் கட்டடங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. 1962 பிப்ரவரி 20ஆம் தேதி அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றியபோது, தலைக்கு மேலே தனியாகப் போகிறவருக்குத் தெரியட்டும் என்று இந்த ஊர்மக்கள் வீட்டு விளக்குகளையெல்லாம் போட்டுவைத்தார்களாம். அவர் மேலேயிருந்து பார்த்து நன்றி சொன்னார். அம்மாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் இருட்டில் போகிறார் என்பதற்காக ஊரே விளக்குப் போட்டதை நினைத்து நினைத்துப் பேசினார். நாங்கள் நின்ற இடத்தில் காற்று பலமாகிக்கொண்டிருந்தது. நான் அதை ரசித்துக்கொண்டிருந்தேன், நாளைக்கு என்ன செய்யும் என்று தோன்றவில்லை.

ராத்திரிக்குச் சோறு, புளிக்காய்ச்சல், வதக்கிய பீன்ஸ், மாம்பழம்.

15 நவம்பர், சனி. ஃப்ரீமாண்டில்

ஐந்து மணிக்கெல்லாம் பளிச்சென்று விடிந்துவிடுகிறது. ஆறரை மணி ரயிலில் ஃப்ரீமாண்டில் போகும்போதே கைப்பேசியில் செய்தி வந்தது. பலத்த காற்று, இன்று காலைப் படகுகள் அனைத்தும் ரத்து. அம்மா தொப்பி, கண்ணாடி, மடியில் தண்ணீர்ப் புட்டி என்று தயாராக உட்கார்ந்திருந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து, தீவின் நுழைவுக் கட்டணத்தோடு, கணிசமான காசு கட்டியிருந்தேன். படகு நிறுவனத்தைக் கூப்பிட்டு நாற்பது நிமிடம் இசையைக் கேட்டபடி காத்திருந்ததில், ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றித் தந்தார்கள். தீவுக்குள் சுற்றும் பேருந்துக்கு நான் தனியாக வாங்கிய சீட்டு மட்டும் சனிக்கிழமைத் தேதியிலேயே இருந்தது. அது தங்கள் பொறுப்பில்லை என்றுவிட்டார்கள்.

வசந்த காலத்திலும் கோடையிலும் பெர்த்துக்குப் போகிறவர்கள் தீவைக் கடைசி நாளுக்கு வைக்கக் கூடாது. முதல் நாளிலேயே வையுங்கள். காற்று ஒரு நாளை எடுத்துக்கொண்டால் இன்னொரு நாள் கையில் இருக்கும். நான் யோசித்து அப்படிச் செய்யவில்லை, தற்செயலாக அமைந்தது.

ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு காப்பிக் கடை. கல்லாவில் இருந்த பெண், “ஹவ் ஆர் யூ கோயிங்?” என்று கேட்டார். இங்கே நலமா என்பதை இப்படித்தான் கேட்கிறார்கள். அம்மா அதை எப்படிப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், படகில் போக வந்தோம், காற்று, படகு இல்லை என்று முழுக்கதையையும் சொன்னார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார். எங்கள் காப்பியோடு ஒரு தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்து, “இதற்குக் காசு வேண்டாம், ஃப்ரீமாண்டிலும் நல்ல ஊர்தான்” என்றார். காப்பி ஒன்று ஐந்தரை டாலர். எங்கள் புளோக்கின் கீழே அந்தக் காசுக்கு மூன்று பேர் கோப்பி குடிக்கலாம். ஆனால் காப்பி நன்றாக இருந்தது.

நல்ல ஊர்தான். பழைய சுண்ணாம்புக்கல் கட்டடங்கள், வெயில் பட்டால் வெண்ணெய் நிறம். 1897இலிருந்து நிற்கும் சந்தைக் கட்டடத்துக்குள் பழக்கடை, தேன், சோப்பு, வறுத்த கடலை. அம்மா செர்ரிப் பழத்தை விலை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். கடைக்காரர் ஒரு கை அள்ளி, சும்மா தின்று பாருங்கள் என்று கொடுத்தார். அதற்கப்புறம் வாங்காமல் எப்படி வருவது? அரைக்கிலோ வாங்கினோம்.

அங்கிருந்து கடல் பக்கம் நடந்தால் ரவுண்ட் ஹவுஸ். 1831இல் திறந்த சிறை. மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்று நிற்கும் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது. பெயர்தான் உருண்டை, உண்மையில் பன்னிரண்டு பக்கம். நடுவில் ஒரு கிணற்று முற்றம், சுற்றி இருட்டறைகள். தொண்டு செய்யும் பெரியவர் ஒருவர் சுற்றிக்காட்டினார். மதியம் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்ய அந்த ஒலிதான் கணக்காம்.

அறைகளில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். குடிகாரர்கள், ஓடிப்போன மாலுமிகள் என்று சொல்லிவந்தவர், கொஞ்சம் நிறுத்தி, நூங்கார் ஆண்களையும் இங்கேதான் வைத்திருந்தார்கள் என்றார். தங்கள் மண்ணில் வெள்ளைக்காரர் வளர்த்த ஆட்டைப் பிடித்துத் தின்றதற்காக, அல்லது எதிர்த்து நின்றதற்காக. பிறகு சங்கிலி போட்டு அங்கே கொண்டுபோனார்கள். அவர் கை காட்டிய இடத்தில், நுரைத்துக் கிடந்த கடலுக்கு அப்பால், தாழ்ந்த ஒரு கோடு. ஏறக்குறைய 19 கிலோமீட்டர். அதுதான் ராட்னெஸ்ட். இன்று காலை நான் அம்மாவோடு நின்று படம் எடுத்திருக்க வேண்டிய தீவு.

1838இலிருந்து 1931 வரை அது ஆதிக்குடி ஆண்களை அடைத்துவைத்து வேலைவாங்கிய இடம். பெயருக்கு 1904இல் சிறை மூடப்பட்டாலும் வேலைவாங்குவது அதன் பிறகும் நடந்தது. ஏறக்குறைய நான்காயிரம் ஆண்களும் சிறுவர்களும் அங்கே போனார்கள். நான் அந்தத் தீவைப் பற்றி மூன்று வாரம் படித்திருந்தேன். எந்த வளைகுடாவில் தண்ணீர் தெளிவு, எந்தக் கடையில் ரொட்டி நன்றாயிருக்கும், குவோக்கா எத்தனை மணிக்கு வெளியே வரும், எல்லாம் தெரியும். இது என் கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தாலும் தாண்டிப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் தேடியது வேறு.

அம்மா கோடாகத் தெரிந்த அந்தத் தீவையே பார்த்துக்கொண்டிருந்தார். “சொந்த ஊரு கண்ணுக்குத் தெரியிற தூரத்துல வச்சிருக்காங்க” என்றார்.

பீரங்கி வெடித்தது. நெஞ்சு அதிரும் சத்தம்.

மதியம் மீன்பிடித் துறைமுகத்தில் வறுத்த மீனும் சிப்ஸும். பலகையில் ஸ்னாப்பர், பாராமுண்டி, மலிவான வரிசையில் சுறா. சுறாவைப் புட்டு செய்யாமல் மாவில் தோய்த்துப் பொரிப்பார்களா என்று அம்மாவுக்கு ஆச்சரியம். அதையே வாங்கச் சொன்னார். எலுமிச்சை பிழிந்து, கையோடு கொண்டுவந்த இட்லிப் பொடியைத் தூவிச் சாப்பிட்டார். சதை வெள்ளை வெளேரென்று, முள் இல்லாமல் இருந்தது. பூண்டும் மிளகாயும் போட்டு உதிர்த்தால் எப்படி இருக்கும் என்று இருவரும் பேசிக்கொண்டோம். ஒரு கடற்காகம் என் தோளுக்கு மேலாக வந்து ஒரு துண்டைத் தட்டிக்கொண்டு போனது. பக்கத்து மேசைக் குடும்பம் உடனே தங்கள் பெட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து நீட்டியது. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

ஃப்ரீமாண்டில் சிறை என்ற பெரிய சிறையும் இங்கே இருக்கிறது. 1850களில் கைதிகளே கட்டி, 1991 வரை நடந்தது, 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வாசல் வரை போனோம். அம்மா உள்ளே வரவில்லை. “ஒரு நாளைக்கு ஒரு செயில் போதும்த்தா.” சரி என்று திரும்பினோம்.

கோடையில் மதியத்துக்கு மேல் இங்கே தென்மேற்கிலிருந்து கடற்காற்று வருமாம். வெந்துபோன ஊரை ஆற்றுவதால் அதற்கு ஃப்ரீமாண்டில் டாக்டர் என்று பெயர். இன்று அடித்தது வைத்தியம் செய்யும் காற்றாக இல்லை. மணலை அள்ளி முகத்தில் எறிந்தது. ராத்திரி கண்ணாடியில் பார்த்தால் கழுத்தும் புறங்கையும் சிவந்து எரிகின்றன, உதடு வெடித்திருக்கிறது. சிங்கப்பூர் வெயிலில் இரண்டு நிமிடத்தில் வியர்த்துவிடும், நிழலுக்கு ஓடுவோம். இங்கே காற்று உலர்ந்திருப்பதால் வியர்வையே தெரியவில்லை, அதனால் வெயிலும் தெரியவில்லை. சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று 1981இலிருந்து இந்த நாட்டில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்குள்ளவர்கள் ஏன் முழுக்கைச் சட்டையோடு கடலில் இறங்குகிறார்கள் என்பது புரிந்தது.

16 நவம்பர், ஞாயிறு. ராட்னெஸ்ட், அதாவது வாஜெமப்

காற்று குறைந்துவிட்டது, கடல் இன்னும் அடங்கவில்லை. ஃப்ரீமாண்டிலிலிருந்து அரைமணி நேரப் பயணம், பாதி வழியில் அம்மாவுக்குக் குமட்டியது. சிறுவயதில் பாம்பன் கடலில் படகேறியவர்தான், ஆனால் அது அறுபது வருடம் முன்பு. எதிர் வரிசையில் இருந்த இளைஞர் எழுந்து காகிதப் பை கொண்டுவந்து கொடுத்து, தூரத்தில் அசையாத ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். அம்மா கலங்கரை விளக்கத்தைப் பார்த்தபடியே வந்தார். அது போதுமாக இருந்தது. இஞ்சி மிட்டாயும் கொஞ்சம் உதவியது.

இறங்கிப் பத்து நிமிடத்தில், ரொட்டிக் கடை வாசலில், நாற்காலிக் கால்களுக்கு நடுவே குவோக்கா. பூனை அளவு, பழுப்பு ரோமம், வட்டக் காது. கங்காருவைப்போல வயிற்றில் பையுள்ள இனம். அம்மா குனிந்து பார்த்து, “பெருச்சாளி மாதிரியில்ல இருக்கு” என்றார். 1696 டிசம்பரில் இங்கே இறங்கிய விளாமிங்குக்கும் பெருத்த எலியாகத்தான் தெரிந்தது. எலிக்கூடு என்று டச்சில் வைத்த பெயர்தான் ராட்னெஸ்ட் ஆனது. அன்னத்தை அன்னம் என்று கண்டுகொண்ட அதே மனிதர்தான். தொடக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது, இரண்டுக்கும் அபராதம் உண்டு. ஆனால் அது தானாகவே அம்மாவின் செருப்பை முகர்ந்து பார்த்தது. அம்மா சிரிக்க, நான் படம் எடுத்தேன். நான் ஆசைப்பட்ட அதே படம், அப்படியே கிடைத்தது.

தேதி மாறிய பேருந்துச் சீட்டைத் தயங்கித் தயங்கி ஓட்டுநரிடம் காட்டினேன். “நேற்று காற்று, அதுதானே? ஏறுங்கள்” என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான். தீவில் தனியார் கார் கிடையாது, எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள், அம்மாவுக்கு இந்தப் பேருந்துதான் வழி. உப்பு ஏரிகள் சில ஓரத்தில் ரோஜா நிறமாக இருந்தன. வடகரையில் பேசின் என்ற இடத்தில் இறங்கினோம். கல் தொட்டி கட்டி விட்டதுபோலப் பச்சைத் தண்ணீர், அடியில் மணல் தெரிகிறது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகி முழங்கால் வரை நின்றார். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. ஒரு சிறுமி வந்து தன் நீச்சல் கண்ணாடியைக் கொடுத்து, மீன் தெரியும் பாருங்கள் என்றாள். அம்மா அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். தெரிந்தது.

கடையில் இறைச்சி பை (pie) ஒன்றும் காரட் கேக்கும் வாங்கி மரத்தடியில் சாப்பிட்டோம். ஈக்கள் விடவில்லை. மூக்கிலும் கண்ணிலும் வந்து உட்காரும், கையை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

அப்புறம் அம்மாதான் கேட்டார். “அந்தப் பெரியவர் சொன்ன எடம் எங்க இருக்கு?”

குடியிருப்பிலிருந்து சில நிமிட நடைதான். மரங்கள், தரையில் சருகு, சில அறிவிப்புப் பலகைகள். குறைந்தது 373 ஆண்களும் சிறுவர்களும் இங்கே புதைந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் தனிக் கல் இல்லை. நூங்கார் மக்கள் மட்டுமல்ல, வடக்கே ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும். பலருக்கு அதுவரை கடலைப் பார்த்த பழக்கமே இருந்திருக்காது. குளிரிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். இந்த நிலத்தின் மேல் பல வருடம் சுற்றுலாப் பயணிகள் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். கைதிகளை அடைத்த எட்டுப்பக்கக் கட்டடம் 2018 வரை விடுமுறை விடுதியாக இருந்தது. என்னைப்போல யாரோ விடுப்பு எடுத்து வந்து, எந்தச் சந்தேகமும் இல்லாமல் அந்த அறையில் தூங்கியிருப்பார்கள்.

நூங்கார் மக்கள் இந்தத் தீவை வாஜெமப் என்கிறார்கள், தண்ணீருக்கு அப்பால் ஆவிகள் இருக்கும் இடம். ஏழாயிரம் வருடத்துக்கு முன் இது கரையோடு ஒட்டிய நிலம், கடல் ஏறித்தான் தீவானது.

அம்மா செருப்பைக் கழற்றினார். எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றார். எங்களைத் தாண்டிச் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போயின, ஒன்றும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் வீட்டில் நான் இரண்டு தடவைக்கு மேல் கேட்டிராத ஒரு பெயரைச் சொன்னார். அவருடைய பெரிய தாத்தா. மலாயாத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். ஜப்பான்காரர் காலத்தில் சயாம் (இப்போது தாய்லாந்து) ரயில் பாதை போட ஆள்பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஒரு தகவல் வந்தது, அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. “எங்க அப்பத்தா சாகிற வரைக்கும், அவரு மண்ணு எங்க கெடக்கோன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கும். இவங்க வீட்டுலயும் சொல்லியிருப்பாங்க.”

அங்கே எத்தனை நேரம் நின்றோம் என்று தெரியாது. திரும்பும்போது, காலையில் எடுத்த படத்தை அழித்துவிடலாமா என்று நினைத்தேன். அழிக்கவில்லை. அம்மா அதில் உண்மையாகவே சிரித்திருக்கிறார். ஆனால் இனி அந்தப் படத்தை யார் பார்த்துக் கேட்டாலும், அதற்குப் பின்னால் சில நிமிட நடையில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்வேன். ராட்னெஸ்ட் போகிறவர்களே, குவோக்காவைப் பாருங்கள், கடலில் குளியுங்கள், தப்பே இல்லை. படகுக்கு முன் ஒரு கால்மணி நேரம் அந்த மரங்களுக்குக் கீழேயும் நில்லுங்கள்.

காட்டஸ்லோ சூரிய அஸ்தமனம் பார்க்கவில்லை. அம்மா ரயிலிலேயே தூங்கிவிட்டார், நான் அஸ்தமனத்தை ஜன்னலில் பார்த்தேன்.

17 நவம்பர், திங்கள். கிங்ஸ் பார்க்

நோட்டில் எழுதியிருந்ததில் பாதியை அடித்துவிட்டு, காலை ஒரே இடத்துக்கு மட்டும் போனோம். ஊருக்கு மேலே குன்றின்மேல் 400 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் காடாகவே விட்டிருக்கிறார்கள். வழியெல்லாம் ஜக்கரண்டா, தரை ஊதாவாகக் கிடந்தது. வாசல் சாலையில் எலுமிச்சை மணக்கும் யூகலிப்டஸ் மரங்கள், வெள்ளைத் தூண்கள்போல.

உள்ளே ஒரு திருப்பத்தில் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஏத்தா, இது நம்ம ஊரு பொந்தன்புளியில்ல!”

வயிறு பெருத்த அடிமரம், மேலே சின்னக் கிளைகள். ராமநாதபுரம் பக்கம் பழைய பொந்தன்புளி மரங்களைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வராது. பலகையைப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் இதைப் போவாப் என்கிறார்கள், நம் ஊரில் நிற்பதன் தாயாதி இனம். 750 வயது இருக்கலாமாம். வடக்கே கிம்பர்லியில், புதுப் பாலம் கட்டும் இடத்தில் நின்றது. வெட்ட மனமில்லாமல், அந்த மண்ணின் கீஜா மக்களுடைய சம்மதத்தோடு, 2008 ஜூலையில் வேரோடு பெயர்த்து லாரியில் ஏற்றி 3200 கிலோமீட்டர் கொண்டுவந்து இங்கே நட்டார்கள். 36 டன். கீஜா மக்கள் அதற்குச் சடங்கு செய்து வழியனுப்பினார்கள்.

இவ்வளவு வயசுக்கு மேல் இடம் மாறிப் பிழைத்ததா என்று அம்மா கேட்டார். பிழைத்திருக்கிறது, கிளை நுனியில் புதுத் தளிர் தெரிந்தது. அம்மா ஒரு சுற்றுச் சுற்றிவந்து அண்ணாந்து பார்த்தார். அவர் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருந்ததாம், காயை உடைத்துப் புளிப்பு மாவைச் சப்புவார்களாம், பிள்ளைகள் ஆறு பேர் கைகோத்தாலும் கட்டமுடியாதாம். இதையெல்லாம் இன்றுதான் எனக்குச் சொல்கிறார். நாங்கள் நின்ற பெஞ்சுக்கு ஒரு தோட்டக்காரர் வந்து, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டுப் போனார். வெயில் ஏறியது. நான் கண்ணாடிப் பாலத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். அம்மா, நீ போய்விட்டு வா, நான் இங்கேயே இருக்கிறேன் என்றார். நானும் போகவில்லை.

கிளம்பும்போது அவர் குனிந்து, பாதையில் விழுந்து கிடந்த ஒரு சருகை எடுத்தார்.

“இத எடுத்துட்டுப் போனா ஏர்போர்ட்டுல கேப்பாங்களோ?”

தெரியவில்லை அம்மா என்றேன். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு மரத்தடிப் பக்கமாக அதை மெதுவாகப் போட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.